பிபுன் சொங்க்ராம்: தாய்லாந்தை அதிக காலம் ஆண்ட ராணுவத் தளபதி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாங்காக்கில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது என்று செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஒரு பழைய பெயரும் தலைகாட்டும்: பிபுன். 2014-ல் தளபதி பிரயுத் சான் ஓச்சா ஆட்சியைக் கைப்பற்றியபோதும் அப்படித்தான். சீருடையோடு வந்து பிரதமர் நாற்காலியில் உட்கார்ந்த தாய்லாந்துத் தளபதிகளின் வரிசை நீளமானது. பெரும்பாலோர் ஆண்டார்கள், போனார்கள். பிபுன் மட்டும் நாட்டின் பெயரையும் புத்தாண்டையும் மக்களின் உடையையும் மாற்றிவிட்டுப் போனார். அவரைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

சுருக்கமாகச் சொன்னால் யார் இவர்?

தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்த பீரங்கிப்படை அதிகாரி. சயாம் (தாய்லாந்தின் பழைய பெயர்) மன்னரின் முழு அதிகாரத்துக்கு 1932-ல் முடிவுகட்டிய குழுவில் ஒருவர். 1938 டிசம்பர் முதல் 1944 ஜூலை இறுதி வரையும், 1948 ஏப்ரல் முதல் 1957 செப்டம்பர் வரையும் பிரதமர். இரண்டையும் சேர்த்தால் சுமார் 15 ஆண்டுகள். இந்தக் கணக்கை இன்றுவரை வேறு எந்தத் தாய்லாந்துப் பிரதமரும் தொடவில்லை.

தாய்லாந்தின் முதல் ராணுவப் பிரதமர் இவர்தானா?

இல்லை. 1933-ல் பிரதமரான பிரயா பஹோன் இவருக்கு முந்தியவர். அவரும் ராணுவ அதிகாரிதான்.

எங்கே பிறந்தார்? 'பிளேக்' என்ற இயற்பெயர் எப்படி வந்தது?

1897 ஜூலை 14 அன்று, பாங்காக்கை ஒட்டிய நொந்தபுரியில். பெற்றோருக்கு துரியன் தோட்டம் இருந்தது. குழந்தையின் காதுகள் வழக்கத்தைவிடக் கீழே, கண்ணின் மட்டத்துக்கும் கீழாக இருந்ததால் 'விசித்திரமானவன்' என்ற பொருளில் பிளேக் என்று பெயர் வைத்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. பெரியவரான பிறகு அந்தப் பெயரை அவர் விரும்பவில்லை, கூடியவரை தவிர்த்தார்.

'பிபுன்சொங்க்ராம்' பிறந்த பெயரே கிடையாது. 1928-ல் ஏழாம் ராமா மன்னர் வழங்கிய 'லுவாங் பிபுன்சொங்க்ராம்' என்ற பட்டம் அது. பின்னாளில் தானே பிரபுப் பட்டங்களை ஒழித்தபோது, தன் பட்டத்தைக் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார். ஒழிப்பிலும் ஒரு சாமர்த்தியம்.

பாரிஸில் என்ன நடந்தது?

சுலாசொம்க்லாவ் ராணுவக் கல்லூரியில் படித்து அதிகாரியான பிளேக், மேல்பயிற்சிக்காக பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். அங்கே சட்டம் படித்துக்கொண்டிருந்த பிரீடி பானொம்யோங்கின் நட்பு கிடைத்தது. 1927 பிப்ரவரியில் பாரிஸின் சொம்மெரார் தெருவில் ஏழு சயாம் இளைஞர்கள் கூடி, சில நாட்கள் பேசி, 'மக்கள் கட்சி' என்ற ரகசியக் குழுவைத் தொடங்கினார்கள். நோக்கம் ஒன்றுதான்: மன்னரைச் சட்டத்துக்குக் கீழே கொண்டுவருவது.

அந்த ஏழு பேரில் மூளை பிரீடி. பிளேக்குக்கு அப்போது 29 வயது, கையில் பீரங்கிப் படிப்பு. அடுத்த முப்பது வருடத் தாய்லாந்து அரசியலை இந்த இரண்டு நண்பர்கள் பகையாளிகளான கதையாகவே சொல்லிவிடலாம். அது மிகையாகாது.

1932 புரட்சியில் அவருடைய பங்கு பெரியதா?

நடுத்தரம். 1932 ஜூன் 24 விடியற்காலையில், ஏழாம் ராமா ஹுவா ஹின் அரண்மனையில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, படைப்பிரிவுகளை ஒரு காரணம் சொல்லி பாங்காக் அரண்மனைச் சதுக்கத்துக்கு வரவழைத்துவிட்டு, பிரயா பஹோன் புரட்சி அறிவிப்பை வாசித்தார். ஏறக்குறைய ரத்தமே சிந்தவில்லை. ராணுவத் தரப்பில் முக்கியமானவர்கள் பஹோன், சொங்சுரதேத் உள்ளிட்ட நான்கு மூத்த அதிகாரிகள். தாய்லாந்தில் அவர்களைப் 'புலி வீரர்கள் நால்வர்' என்பார்கள். பிபுன் அந்த நால்வரில் இல்லை. அடுத்த வரிசையில் நின்ற இளையவர்.

அவர் முன்வரிசைக்கு வந்தது அடுத்த ஆண்டு. 1933 அக்டோபரில் முன்னாள் பாதுகாப்பு அமைச்சரான இளவரசர் போவொரதேத், வடகிழக்கு நகரமான கோராட்டின் படைகளோடு பாங்காக்கை நோக்கி வந்தார். டோன் முவாங் விமான தளம் அவர் கைக்குப் போனது. எதிர்த்துப் போரிட்ட அரசுப் படைக்குத் தலைமை பிபுன். ரயில் பாதையை ஒட்டி நடந்த சண்டையில் கலகக்காரர்கள் தோற்றார்கள். 1934-ல் பாதுகாப்பு அமைச்சர் பதவி அவரைத் தேடி வந்தது. மனம் கசந்த மன்னர் இங்கிலாந்தில் இருந்தபடியே 1935 மார்ச் 2 அன்று முடிதுறந்தார். அடுத்த மன்னர் ஆனந்த மஹிடோலுக்கு வயது ஒன்பது, படிப்பு சுவிட்சர்லாந்தில். அரியணை காலி என்றே சொல்லலாம். அந்த வெற்றிடத்தைப் பிபுன்போலப் பயன்படுத்தியவர் வேறு யாருமில்லை.

அவரைக் கொல்ல முயன்றார்களாமே?

மூன்று முறை. 1935-ல் சனாம் லுவாங் மைதானத்தில் கால்பந்துப் போட்டி முடிந்து கிளம்பும்போது சுட்டார்கள், காயத்தோடு பிழைத்தார். 1938 நவம்பரில் அவருடைய வீட்டுப் பணியாளரே துப்பாக்கியோடு அவரை வீட்டுக்குள் துரத்தினார். அடுத்த மாதம் சாப்பாட்டில் விஷம்.

விஷத்திலிருந்து பிழைத்த அதே டிசம்பரில், 16-ம் தேதி, பிரதமரானார். அடுத்த மாதமே கைதுகள் தொடங்கின. சிறப்பு நீதிமன்றம் விசாரித்து 18 பேருக்கு மரண தண்டனையை நிறைவேற்றியது. இளவரசர் ரங்சித்துக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டுப் பிறகு குறைக்கப்பட்டது. அவரே பின்னாளில் நாட்டின் அரசப் பிரதிநிதியாக உட்கார்ந்தார். 1932-ன் புலி வீரர்களில் ஒருவரான சொங்சுரதேத் இந்தோசீனாவுக்கு நாடுகடத்தப்பட்டார். கொலை முயற்சிகள் உண்மைதான். ஆனால் தண்டிக்கப்பட்டவர்கள் எல்லோருக்கும் அதில் தொடர்பு இருந்தது என்பதை நம்புவது கஷ்டம். பழைய கணக்குகள் பலவும் அந்த வழக்கிலேயே தீர்க்கப்பட்டன.

சயாம் ஏன் தாய்லாந்து ஆனது?

1932 புரட்சியின் ஆண்டு நாளான 1939 ஜூன் 24 அன்று பிபுன் வெளியிட்ட முதல் 'ரத்தநியோம்', அதாவது கலாசார ஆணை, நாட்டின் பெயரை மாற்றியது. இங்கே வாழும் மக்களின் இனம் தாய். நாட்டின் பெயரும் அதையே சொல்லட்டும் என்பது அரசு சொன்ன காரணம். சொல்லாத காரணங்கள் இரண்டு. பாங்காக் வணிகம் முழுக்கச் சீனர்கள் கையில் இருந்தது. நாடு யாருடையது என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அடுத்து, லாவோஸிலும் பர்மாவின் ஷான் மலைகளிலும் வாழ்ந்த தாய் மொழிக் குடும்பத்து மக்களையும் ஒரே குடைக்குக் கீழே இழுக்கும் ஆசை. இந்தச் சிந்தனைகளுக்கு வசனம் எழுதியவர் லுவாங் விசித்வாதகான். நாடகம், பாட்டு, சரித்திரம் எல்லாவற்றையும் தேசியப் பிரச்சாரமாக்கத் தெரிந்தவர்.

பிபுன் பதவி இழந்தபின் 1945-ல் பெயர் மறுபடி சயாம் ஆனது. அவர் திரும்பி வந்தபின் 1949-ல் மறுபடி தாய்லாந்து.

தொப்பி போடச் சொன்னார், மனைவிக்கு முத்தம் கொடுக்கச் சொன்னார் என்பதெல்லாம் உண்மையா?

உண்மை. 1939 முதல் 1942 வரை 12 ஆணைகள் வந்தன. கொடிக்கும் தேசிய கீதத்துக்கும் எழுந்து நிற்க வேண்டும். உள்நாட்டுப் பொருளை வாங்க வேண்டும். பொது இடத்தில் 'நாகரிகமாக' உடுக்க வேண்டும். பதினோராவது ஆணை ஒருவரின் நாளையே பங்குபோட்டது: வேலைக்கு இவ்வளவு, சொந்தக் காரியத்துக்கு இவ்வளவு, ஆறு முதல் எட்டு மணி நேரம் தூக்கம், நான்கு வேளைக்கு மேல் சாப்பாடு கூடாது.

ஆணைகளோடு பிரச்சாரமும் சேர்ந்துகொண்டது. தொப்பி அணிந்தால் நாடு வல்லரசாகும் என்றது ஒரு முழக்கம். தொப்பி இல்லாமல் அரசு அலுவலகத்துக்குப் போனால் காரியம் நடக்காது. வெற்றிலை போடத் தடை. பாக்கு மரங்கள் வெட்டப்பட்டன. தலைமுறை தலைமுறையாக வெற்றிலை போட்டுப் பல் கறுத்த கிழவிகளுக்கு இது எவ்வளவு பெரிய இடி என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. வேலைக்குக் கிளம்பும் கணவன் மனைவியை முத்தமிட வேண்டும் என்ற அறிவுரையும் இந்தக் காலத்தில் வந்ததுதான்.

இதையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுபோனது வானொலி. நாய் மன், நாய் கொங் என்ற இரண்டு கற்பனை மனிதர்கள் தினமும் உரையாடுவார்கள். ஒருவர் சந்தேகம் கேட்பார், மற்றவர் அரசு சொன்னதே சரி என்று விளக்குவார். இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சொன்னால் 'உறுதி' என்று பொருள் வரும். 'தலைவரை நம்பு, நாடு தப்பும்' என்பது அந்த நாட்களின் இன்னொரு முழக்கம்.

1942-ல் எழுத்திலும் கை வைத்தார். 44 மெய்யெழுத்துகளில் 13 நீக்கப்பட்டன. அவர் 1944-ல் விழுந்ததும் எழுத்துகள் திரும்பி வந்துவிட்டன, வெற்றிலையும் வந்துவிட்டது.

அப்படியானால் எதுவுமே நிலைக்கவில்லையா?

நிலைத்தவை நிறைய, அவற்றைப் பலர் பழங்கால வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் தேசிய கீதம் ஒலித்ததும் பாங்காக் ரயில் நிலையத்தில் நடந்துகொண்டிருப்பவர்கள் அப்படியே நிற்பது இன்றும் நடக்கிறது. அந்தக் கீதத்தின் இப்போதைய வரிகள் 1939-ல் வந்தவை. 'சவாதி' என்ற வணக்கத்தை நாடு முழுக்கப் பொதுவாக்கியது அவருடைய அரசு. ஜனவரி 1 புத்தாண்டு ஆனதும் அவரால்தான். அதற்கு முன் ஏப்ரல் 1. மாற்றத்தைச் சரிக்கட்ட, புத்த ஆண்டு 2483 ஒன்பதே மாதத்தில் முடிந்தது. சீலபாகோன், கசேட்சாட் பல்கலைக்கழகங்கள் 1943-ல், போர் நடக்கும்போதே, தொடங்கப்பட்டவை.

பாட் தாய் உணவை அவர்தான் கண்டுபிடித்தாரா?

ஒரு பிரதமர் வாணலியில் நின்று நூடுல்ஸ் வறுத்தார் என்று யாரும் சொல்லவில்லை. அரிசி நூடுல்ஸ் சாப்பிடுங்கள், தள்ளுவண்டியில் விற்றுப் பிழையுங்கள் என்று அவருடைய அரசு பிரச்சாரம் செய்தது. வறுத்த அரிசி நூடுல்ஸான பாட் தாய் பரவியதில் அந்தப் பிரச்சாரத்துக்குப் பங்கு உண்டு. வேடிக்கை என்னவென்றால், நூடுல்ஸும் அதை வறுக்கும் முறையும் சீனர்கள் கொண்டுவந்தவை. சீனர்களின் கடைகளை நெருக்கிய அரசு அவர்களுடைய சாப்பாட்டுக்குத் தாய் என்று பேர் சூட்டியது.

சிறுபான்மையினர் நிலை எப்படி இருந்தது?

மோசம். சீனப் பள்ளிகளும் பத்திரிகைகளும் மூடப்பட்டன; சில தொழில்கள் குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டன. தெற்கே பட்டானி பகுதி மலாய் முஸ்லிம்களுக்கு இன்னும் நெருக்கடி: கைலியும் தலைத்துணியும் கூடாது, மேல்நாட்டு உடை அணிய வேண்டும், அலுவலகத்தில் மலாய் பேசக் கூடாது. அவர்களுக்காகக் கோரிக்கை வைத்த மதத் தலைவர் ஹாஜி சுலோங், பிபுனின் இரண்டாவது ஆட்சியில், 1954-ல் போலீஸ் விசாரணைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. தெற்குத் தாய்லாந்தில் இன்றும் ஓயாத வன்முறையின் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது.

பிரான்சோடு போரிட்டாரா?

1940-ல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்ததும், முன்பு சயாமிடமிருந்து பிரான்ஸ் வாங்கிய லாவோஸ், கம்போடியப் பகுதிகளைத் திரும்பப் பிடிக்க இதுவே சமயம் என்று படை அனுப்பினார். தரையில் முன்னேற்றம், கடலில் அடி. 1941 ஜனவரி 17 அன்று கோ சாங் தீவருகே தாய்லாந்துக் கடற்படையின் தோன்புரி கப்பல் பிரெஞ்சுத் தாக்குதலில் வீழ்ந்தது. ஜப்பான் நடுவராக வந்து 1941 மே மாதம் டோக்கியோவில் ஒப்பந்தம் செய்துவைக்க, பட்டம்பாங், சம்பாசாக் உள்ளிட்ட பகுதிகள் கைக்கு வந்தன. பிபுன் பீல்டு மார்ஷல் ஆனார். பாங்காக் நடுவே வெற்றிச் சின்னம் எழுந்தது. போருக்குப் பின் நிலம் பிரான்சிடம் போய்விட்டது. சின்னம் மட்டும் நிற்கிறது. இன்று அது பேருந்து மாறும் இடமாகத்தான் அதிகம் அறியப்படுகிறது. நடுவர் வேலைக்கு ஜப்பான் கூலி கேட்கும் என்பது அதே ஆண்டு டிசம்பரில் தெரிந்தது.

1941 டிசம்பர் 8 அன்று பிபுன் எங்கே இருந்தார்?

இந்தக் கேள்விக்கு இன்னும் சண்டை ஓயவில்லை. டிசம்பர் 7 இரவு ஜப்பானியத் தூதர் பாங்காக்கில் அரசின் கதவைத் தட்டி, தாய்லாந்து வழியாகப் படைகளை விடச் சொன்னார். அனுமதி கொடுக்க வேண்டியவர் பிரதமர். அவரோ கிழக்கு எல்லையைப் பார்வையிடப் போயிருந்தார். அவர் இல்லாமல் முடிவெடுக்கத் துணிச்சல் இல்லாத அமைச்சர்கள் விடிய விடியக் காத்திருந்தார்கள். இதற்குள் சொங்க்லா, பட்டானி, நகோன் சி தம்மராத், சும்போன், பிரச்சுவாப் கிரி கான் கரைகளில் ஜப்பானியர் இறங்கிவிட்டார்கள். அங்கிருந்த படையினரும் போலீஸாரும் சண்டை போட்டுச் செத்துக்கொண்டிருந்தார்கள். காலையில் பிபுன் வந்து சேர்ந்ததும் சண்டையை நிறுத்த உத்தரவு போனது. பிரச்சுவாப் கிரி கானில் இருந்த விமானப்படைப் பிரிவு மறுநாள் வரை சண்டையை விடவில்லை.

அவர் வேண்டுமென்றே தலைமறைவாக இருந்தார் என்கிறார்கள் பலர். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. எதிர்த்தால் நாடு அழியும், சம்மதித்தால் துரோகி என்ற பெயர் வரும். கொஞ்சம் சண்டை நடந்தபின் 'வேறு வழியில்லை' என்பது இரண்டுக்கும் நடுவான வழி.

டிசம்பர் 21 அன்று மரகத புத்தர் ஆலயத்தில் ஜப்பானோடு கூட்டணி ஒப்பந்தம் கையெழுத்தானது. 1942 ஜனவரி 25 அன்று பிரிட்டன்மீதும் அமெரிக்காமீதும் தாய்லாந்து போர் தொடுத்தது. வாஷிங்டன் தூதர் சேனி பிரமோஜ் அந்த அறிவிப்பை அமெரிக்காவிடம் கொடுக்கவே மறுத்துவிட்டு, 'சுதந்திர தாய்' இயக்கத்தைத் தொடங்கினார். பாங்காக்கில் அரசப் பிரதிநிதியாக இருந்த பிரீடி, உள்ளிருந்தபடியே அதே எதிர்ப்பை ரகசியமாக நடத்தினார்.

தமிழர்களுக்கும் இவருடைய ஆட்சிக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, கசப்பானது. சயாம்-பர்மா ரயில்பாதை பிபுன் ஆட்சிக் காலத்தில்தான் போடப்பட்டது. தாய்லாந்தின் பான் பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர். 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேல் வேலை வாங்கப்பட்டு 12,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களின் கணக்கு அதைவிடக் கொடியது. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து நல்ல கூலி, குறுகிய கால வேலை என்று ஆசைகாட்டியும், பிறகு ஆள்பிடித்தும் ஏற்றிச் சென்ற கூட்டத்தில் தமிழர்களே மிகுதி. பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் எல்லோரையும் சேர்த்துச் செத்தவர்கள் சுமார் 90,000 என்ற மதிப்பீடு பரவலாகச் சொல்லப்படுகிறது. காலரா வந்த முகாம்களில் பிணத்தைப் புதைக்கவும் ஆள் இல்லை. காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 கைதிகளுக்கு வரிசையாகக் கல் நட்டிருக்கிறார்கள். தோட்டத்துத் தமிழர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் கிடையாது.

பாதையை நடத்தியது ஜப்பானிய ராணுவம்; சம்மதம் கொடுத்தது பிபுன் அரசு. மலேசியாவின் பழைய தோட்டக் குடும்பங்களில் சயாமுக்குப் போய்த் திரும்பாத தாத்தாவின் கதை இருக்கும். அங்கே பிபுன் பெயர் அடிபடுவதில்லை.

ரயில்பாதைக்கு வெளியேயும் ஒரு தொடர்பு உண்டு. ராஷ் பிஹாரி போஸ் தலைமையில் இந்திய சுதந்திர லீக்கின் மாநாடு 1942 ஜூனில் பாங்காக்கில்தான் நடந்தது.

முதல் முறை எப்படிப் பதவி போனது?

ஜப்பான் தோற்கப் போகிறது என்று 1943-லேயே அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த நவம்பரில் டோக்கியோவில் கூடிய பெரும் கிழக்காசிய மாநாட்டுக்குத் தான் போகாமல் இளவரசர் வானை அனுப்பினார். தலைநகரை வடக்கே மலைசூழ்ந்த பெத்சபூனுக்கு மாற்றும் வேலையும் தொடங்கியது. கட்டாயமாக அனுப்பப்பட்ட கிராமத்து மக்கள் அங்கே மலேரியாவில் செத்தார்கள். 1944 ஜூலையில் அந்த மசோதாவை நாடாளுமன்றம் தோற்கடித்தது. சர்வாதிகாரி என்று பேரெடுத்தவர் ஓட்டெடுப்பில் தோற்று ராஜினாமா செய்தார்! பின்னணியில் பிரீடி இருந்தார். குவாங் அபைவோங் பிரதமரானார்.

போர்க்குற்றவாளி என்று தண்டிக்கப்படவில்லையா?

கைதானார். நேச நாடுகளிடம் ஒப்படைக்காமல் உள்ளூரிலேயே விசாரிக்க 1945-ல் ஒரு சட்டம் போட்டார்கள். 1946 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், நடந்து முடிந்த செயலுக்குப் பிறகு வந்த சட்டத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்று வழக்கையே தள்ளிவிட்டது. சட்டப்படி சரியான தீர்ப்பு. அரசியல்படி எல்லோருக்கும் வசதியான தீர்ப்பும்கூட.

இவ்வளவுக்குப் பிறகும் எப்படித் திரும்பி வந்தார்?

1946 ஜூன் 9 அன்று இளம் மன்னர் ஆனந்த மஹிடோல் அரண்மனையில் துப்பாக்கிக் குண்டுபட்டு இறந்துகிடந்தார். பிரீடிதான் காரணம் என்ற வதந்தியை எதிரிகள் பரப்பினார்கள். 1947 நவம்பர் 8 அன்று பின் சூனவான் உள்ளிட்ட அதிகாரிகள் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். பிரீடி ஆற்றுவழியே தப்பி நாட்டைவிட்டு வெளியேறினார். உலகம் முகம்சுளிக்காமல் இருக்க முதலில் குவாங்கையே பிரதமராக்கி, 1948 ஏப்ரலில் அவரை மிரட்டி இறக்கிவிட்டுப் பிபுனை உட்கார வைத்தார்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் தன்மேல் போர் அறிவித்தவரை அமெரிக்கா ஏற்றுக்கொண்டது. சீனாவில் கம்யூனிஸ்டுகள் வென்றுகொண்டிருந்த நேரம் அது.

மன்ஹாட்டன் கலகம் என்றால் என்ன?

1951 ஜூன் 29. அரண்மனையை ஒட்டிய ராஜவொரடித் படித்துறையில், மன்ஹாட்டன் என்ற தூர்வாரும் கப்பலை அமெரிக்கா தாய்லாந்திடம் ஒப்படைக்கும் விழா. வெளிநாட்டுத் தூதர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கடற்படை இளம் அதிகாரிகள் இயந்திரத் துப்பாக்கியோடு ஏறி வந்து பிரதமரைப் பிடித்துப் படகில் ஏற்றி, கடற்படையின் கொடிக்கப்பலான ஸ்ரீ அயோத்தியாவுக்குக் கொண்டுபோனார்கள்.

அதுவரை திட்டம் கச்சிதம். அதன்பிறகு சொதப்பல். கடற்படைத் தலைமை முழுதாகச் சேரவில்லை. ஆற்றில் இறங்கிப் போகவேண்டிய கப்பலுக்கு வழிவிட நினைவுப் பாலம் திறக்கவில்லை. மறுநாள் ராணுவம், போலீஸ், விமானப்படை மூன்றும் தாக்கின. பிரதமர் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்தே கப்பல்மேல் குண்டு போட்டார்கள். தீப்பிடித்த கப்பலிலிருந்து குதித்து, 53 வயது பீல்டு மார்ஷல் சாவ் பிரயா ஆற்றில் நீந்திக் கரையேறினார்.

உயிர் தப்பினாலும் ஒரு செய்தி அவருக்குக் கிடைத்துவிட்டது: அவர் செத்தாலும் பரவாயில்லை என்று அவருடைய ஆட்களே முடிவெடுத்திருந்தார்கள். கடற்படை அதன்பின் தலைதூக்க முடியாதபடி ஒடுக்கப்பட்டது. அதிகாரம் போலீஸ் தலைவர் பாவோ ஸ்ரீயானோன், ராணுவத் தளபதி சரித் தனரத் இருவரிடமும் போய்ச் சேர்ந்தது. பிபுன் இருவரையும் மோதவிட்டு நடுவில் நின்று பிழைத்தார்.

பாவோவின் போலீஸ் பற்றிச் சொல்கிறார்களே?

அமெரிக்க உளவுத்துறையின் ஆயுதங்களாலும் பணத்தாலும் இன்னொரு ராணுவம்போல வளர்ந்த போலீஸ் அது. 1949 மார்ச்சில் பிரீடி ஆதரவாளர்களான நான்கு முன்னாள் அமைச்சர்கள், போலீஸ் வண்டியில் இடம் மாற்றப்படும்போது நள்ளிரவில் பஹோன்யோதின் சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மலாய்க் கொள்ளையர் தாக்கினார்கள் என்றது போலீஸ். காவலுக்குப் போன போலீஸார் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நம்பியவர்கள் அன்றே குறைவு.

1955-ல் திடீரென்று ஜனநாயகவாதி ஆனாரா?

அந்த ஆண்டு அமெரிக்கா, ஐரோப்பா என்று நீண்ட சுற்றுப்பயணம் போய்வந்தார். திரும்பியதும் கட்சிகளை அனுமதித்தார், வாராவாரம் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார், லண்டன் ஹைட் பார்க்கைப் பார்த்துவிட்டு வந்தவராய் சனாம் லுவாங்கில் யாரும் மேடையேறிப் பேசலாம் என்றார். பேசியவர்கள் முதலில் கிழித்தது அவரைத்தான்.

மனமாற்றம் என்பதைவிடக் கணக்கு என்பேன். துப்பாக்கி பாவோவிடமும் சரித்திடமும் போய்விட்டது. அவருக்கு மிச்சமிருந்தது மக்களின் ஓட்டு மட்டும். ஆனால் அந்த ஓட்டையும் அவருடைய கட்சி நேர்மையாக வாங்கவில்லை. 1957 பிப்ரவரி 26 தேர்தல் 'அழுக்குத் தேர்தல்' என்றே பெயர்பெற்றது. ஊர் ஊராகக் கொண்டுபோய் மீண்டும் மீண்டும் ஓட்டுப்போட வைத்த கூலி வாக்காளர்களுக்குப் 'பாராசூட் வீரர்கள்' என்றும், பெட்டிக்குள் திணித்த கள்ளச் சீட்டுகளுக்கு 'நெருப்புச் சீட்டு' என்றும் ஜனங்கள் பேர் வைத்தார்கள். மாணவர்கள் அரசு மாளிகைக்கு ஊர்வலம் போனார்கள். தடுக்க வேண்டிய சரித் அவர்களுக்கு வழிவிட்டு, ஒரே நாளில் நாயகனானார். செப்டம்பர் 16 இரவு அவருடைய டாங்கிகள் வந்தன.

கடைசிக் காலம் எங்கே கழிந்தது?

காரில் திராத் வரை போய், படகில் கம்போடியாவுக்குத் தப்பினார். பிறகு ஜப்பான். நடுவில் இந்தியா வந்து புத்தகயாவில் துறவு ஏற்றார். அங்கே இருக்கும் தாய் ஆலயம் அவருடைய ஆட்சியில் தொடங்கியதுதான். 1964 ஜூன் 11 அன்று டோக்கியோவுக்கு அருகே சகாமிஹாராவில் மாரடைப்பால் இறந்தார். நாட்டுக்குள் நடந்து வர முடியாதவரின் அஸ்திக்கு அனுமதி கிடைத்தது.

குடும்பம்?

மனைவி லாஇயத். பிபுன் பிட்சனுலோக்கில் இளம் அதிகாரியாக இருந்தபோது நடந்த திருமணம். போர்க்காலத்தில் பெண்களுக்கான கலாசார அமைப்பை நடத்தியவர், தொப்பிப் பிரச்சாரத்தின் முகமும் அவரே. மகன் நித்ய பிபுன்சொங்க்ராம் அமெரிக்காவுக்கான தூதராக இருந்து, 2006-ல் வெளியுறவு அமைச்சரானார். அதுவும் ராணுவம் அமைத்த ஓர் அரசில்.

அவர் பாசிஸ்டா?

முசோலினியைப் பார்த்துக் காப்பியடித்தார், அதில் சந்தேகமில்லை. தலைவர் படம், முழக்கம், இளைஞர் படை எல்லாம் இருந்தன. ஆனால் கொள்கைக்காக ஒருநாளும் பதவியைப் பணயம் வைக்காதவர். ஜப்பான் ஓங்கினால் ஜப்பான், அமெரிக்கா ஓங்கினால் அமெரிக்கா, ஓட்டு தேவைப்பட்டால் ஓட்டு. முடியாட்சிமேல் வைத்த சந்தேகம் ஒன்றுதான் கடைசிவரை மாறாதது. அதனாலேயே அரண்மனை சரித்தின் பக்கம் சாய்ந்தது. 1957 மே மாதம் புத்தரின் 2,500-வது ஆண்டு விழாவைப் பிபுன் பிரமாண்டமாக நடத்தியபோது மன்னர் பூமிபோல் வரவில்லை.

இப்போது தாய்லாந்தில் அவருக்கு மரியாதை இருக்கிறதா?

குறைந்துகொண்டே வருகிறது, குறைப்பது அவர் வளர்த்த ராணுவமேதான். மாணவர்கள் 1932-ஐக் கொண்டாடத் தொடங்கிய பிறகு, அந்தப் புரட்சியின் அடையாளங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. 2017-ல் அரண்மனைச் சதுக்கத்தில் பதித்திருந்த பித்தளைத் தகடு, 2018 டிசம்பரில் போவொரதேத் கலகம் அடங்கியதை நினைவுகூரும் லக் சி சின்னம், 2020-ல் லோப்புரி ராணுவ மையத்தில் இருந்த பஹோன், பிபுன் சிலைகள். லோப்புரியில் இருவர் பெயரும் தாங்கிய ராணுவ முகாம்களுக்கும் அதே ஆண்டு அரச குடும்பத்துப் பெயர்கள் சூட்டப்பட்டன. பிட்சனுலோக்கில் ஒரு பல்கலைக்கழகம் இன்னும் அவர் பெயரைத் தாங்குகிறது.

பாங்காக் போனால் அவர் தொடர்பான இடங்களைப் பார்க்க முடியுமா?

ராட்சதம்னொன் சாலையில் 1940-ல் திறந்த ஜனநாயக நினைவுச் சின்னத்திலிருந்து தொடங்கலாம். நான்கு இறக்கைகளும் 24 மீட்டர் உயரம். 24-ம் தேதியைக் குறிப்பது. சுற்றிப் பதித்த 75 பீரங்கிக் குழாய்கள் புத்த ஆண்டு 2475-க்கு, அதாவது 1932-க்கு. புடைப்புச் சிற்பங்கள் இத்தாலியரான சில்பா பீரஸ்ரீயின் கைவண்ணம். வெற்றிச் சின்னத்துக்கு மேம்பால ரயிலில் போய் நடைபாதையில் நின்றே பார்த்துவிடலாம். அதே சுகும்வித் தடத்தில் வடக்கே போனால் பாங் கென் பகுதியில் வாட் பிரா ஸ்ரீ மஹாதாத் நிலையம் வரும். இறங்கியதும் கோயில். அங்குள்ள தாதுகோபத்தின் உள்சுவர் மாடங்களில் 1932 குழுவினரின் அஸ்திகள் இருக்கின்றன, பிபுனுடையதும் அங்கேதான். ஒரு நாள் மிச்சமிருந்தால் ரயிலில் லோப்புரி போய் வாருங்கள். ஊரின் புதிய பகுதியை ராணுவ நகரமாக வட்டச்சாலைகளோடு அமைத்தவர் பிபுன்.